சம்பந்தியின் முன் சீட்டு

அன்றைக்குக் காருக்குப் பக்கத்தில் நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், அவள் இடுப்பில் ஒன்றரை வயதுப் பேத்தி, மகளின் மாமனார், மாமியார். மருமகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்தது சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரத்தில் பாதித் தெருவுக்குத் தெரிந்தது அவரால்தான்.

பங்குனி உத்திரம். எங்கள் குலதெய்வமான சாஸ்தா எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விடியவும் போய்க் கும்பிட்டுவிட்டு, சம்பந்தி வீட்டாரை அவர்களுடைய சாஸ்தாவுக்குக் கூட்டிப்போக அம்பாசமுத்திரம் வந்திருந்தோம். அவர்கள் சாஸ்தா கொற்கைக்கு அந்தப் பக்கம், கடல் காற்று வரும் தூரத்தில். நெடும்பயணம். சம்பந்தி கரை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தார். பேத்தியை வாங்கி ஒரு முத்தம் கொடுத்து மகளிடமே திருப்பிக் கொடுத்தார். "பாப்பா உங்கூட பின்னாலயே இருக்கட்டும்" என்றார். முன்பக்கக் கதவுக்குக் கை நீட்டினார்.

நான் அவருக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்தேன். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து சாத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் முன் சீட்டு என்பது உட்காரும் இடம் மட்டுமில்லை. சம்பந்தி வந்தால் சம்பந்திக்கு, மருமகன் வந்தால் மருமகனுக்கு. அந்த இடத்தில் பெண்ணைக் கொடுத்தவள் ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அப்பாவைப் பின்னால் மூன்று பேரோடு நெருக்கிக்கொண்டு உட்கார வைப்பது பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவது மாதிரி. அதுவும் அந்தக் கார் அவருடையதாக இருந்தது. எங்களுக்கு விற்றது அவர்தான்.

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். மதினி, அதாவது அவர் மனைவி, ஏறும்போது எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏறுங்க, ஏறுங்க. காலம் மாறிப்போச்சுல்லா" என்றார். எதிர்வீட்டு அம்மாவின் கையில் கோலப்பொடி அப்படியே இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

சம்பந்தி கூட்டுறவு பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகு ஓட்டப் பயந்துபோய், பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்த காரை எங்களுக்குக் கொடுத்தார். வெளியில் கேட்ட விலையை விடக் குறைத்துத்தான் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனி உத்திரத்துக்கு அவர்களைச் சாஸ்தாவிடம் கூட்டிப்போக வேண்டும். அந்தக் காரைத் தன் குழந்தை மாதிரி வைத்திருந்தவர். விற்ற பிறகும் போனில், "சம்பந்தி, வண்டிய சர்வீசுக்கு விட்டியளா? கம்பெனிலயே விடுங்க. வெளிய விடாதிய" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "வித்தும் விடமாட்டேங்குதாரே. பொண்ணக் கட்டிக்குடுத்தவன் கூட இவ்வளவு கேக்கமாட்டான்."

அப்படிக் கேட்டுக் கேட்டு ஒருநாள் திருநெல்வேலியில் கம்பெனி சர்வீஸுக்கே விட்டோம். உத்திரத்துக்கு முந்தின வாரம் அது. அங்கே கவுண்டரில் இருந்த பெண் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ரீகால் இருக்கிறது என்றாள். எனக்குப் புரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வெட்கப்படாமல் கேட்டேன். கம்பெனியே தப்பு தங்கள் பொருளில்தான் என்று ஒத்துக்கொண்டு, காரைத் திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பதாம். இடதுபக்க முன் சீட்டுக்கு எதிரே உள்ளே ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. இடித்தால் அது ஊதிக்கொண்டு வந்து ஆளைக் காப்பாற்ற வேண்டும். அதை ஊத வைக்கிற மருந்து ஒரு சின்ன இரும்புக் குப்பிக்குள் இருக்கிறது. வருஷக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு அந்த மருந்து கெட்டுப்போனால், பை விரியும்போது குப்பியே வெடித்து இரும்புத் துண்டு முகத்தில் அடிக்குமாம்.

"மாத்திக் குடுங்க தாயி."

"பார்ட் இல்லம்மா. இந்தப் பக்கத்துல நிறைய வண்டி வரிசையில நிக்கி. வந்ததும் போன் பண்ணுதோம். அதுவரைக்கும் முன்சீட்டுல யாரையும் உக்கார வைக்காதீங்க."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஏளா, நமுத்த வெடி வெடிக்குமா? ஈரம் பட்டா புஸ்வாணம்தான்."

"இது நமுத்தாத்தான் ஜாஸ்தி வெடிக்குமாம். அந்தப் பிள்ள சொன்னது காதுல விழலையா?"

"விழுந்திச்சு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. சம்பந்தி வீட்டுல இதப்பத்தி மூச்சு விடப்பிடாது. ஓட்ட வண்டியத் தலையில கட்டிட்டாருன்னு நாம சொல்லுத மாதிரி ஆயிரும். பிள்ள அங்கன வாழணும்."

சொன்னால் மானக்கேடு, சொல்லாவிட்டால் உயிர். உத்திரத்துக்கு முதல் நாள் நான் தூங்கவில்லை. நான் போகாமல் இருந்தால் சம்பந்தி முன்னால் உட்காருவார், மடியில் பேத்தியை வைத்துக்கொள்வார். எப்போதும் அப்படித்தான். காலியாக விடலாம் என்றால் பின்னால் நாலு பெரிய ஆள் கொள்ளாது. வாடகைக் கார் என்றால் காரணம் கேட்பார்கள். வேறு வழி தெரியாமல்தான் நானே ஏறினேன். எனக்கென்ன, பாதி வாழ்க்கை முடிந்தவள்.

கொற்கை வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை. கால்களைக் கதவுப் பக்கமாக ஒடுக்கிக்கொண்டு, எதிரே பலகையில் ஆங்கிலத்தில் பொறித்திருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையாக எண்ணினேன். "பைய போங்க, பைய போங்க" என்றேன். "இதுக்கு மேல பைய போனா ஆத்துல போற தண்ணி நம்மள முந்திரும்" என்றார் வீட்டுக்காரர். வல்லநாட்டு மலை, ஏரல் பாலம், வாழைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் வழக்கமாகக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு வருகிற சம்பந்தி, அன்றைக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்தபடி முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தபோதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. மகள் போனில் அழுதாள். "என்னம்மா காரியம் பண்ணுன? மாமா ஒண்ணும் சொல்லல. சொல்லாமத்தான் இருக்காவ. அத்தைதான் வாரவ போறவகிட்டல்லாம் சொல்லுதாவ."

மதினியிடமே பேசிப் பார்த்தேன். "எங்களுக்கென்ன மதினி, பின்சீட்டு பழகிக்கிட்டா போச்சு. வயசானா பின்னாலதான போகணும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

காரணத்தை மகளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். அவள் மருமகனிடம் சொல்வாள், மருமகன் அப்பாவிடம் கேட்பான் என்று விழுங்கிவிடுவேன்.

சித்திரை போய் வைகாசி வந்தது. பார்ட் வரவில்லை. வெயிலில் மருந்து கெடும் என்று சொன்னதிலிருந்து எனக்குக் காரை வெயிலில் பார்க்கவே முடியவில்லை. வேப்பமரத்தடிக்குத் தள்ளச் சொன்னேன். நிழல் நகர்ந்தால் காரையும் நகர்த்தச் சொன்னேன். முன் கண்ணாடிக்குள் பழைய போர்வையை விரித்தேன். "காருக்குக் காய்ச்சலா அண்ணாச்சி?" என்று போகிறவர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். "ஆமா வே, கஞ்சி வச்சிருக்கு" என்பார் அவர். முன் சீட்டில் என் தையல் துணி மூட்டையை வைத்துக் கட்டிவிட்டேன். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், மூட்டைக்குக் குறைவில்லை. லிப்ட் கேட்கிறவர்கள் மூட்டையைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வார்கள்.

சர்வீஸ் கம்பெனிக்குப் போன் பண்ணிப் பண்ணி அந்தப் பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது. "வரலம்மா." "லோடு வருதுன்னாங்க, வரலம்மா." "வந்துச்சும்மா, வலதுபக்கம் வந்துச்சு, உங்களுக்கு இடதுபக்கம்." போனில் கேட்டால் வராது, நேரில் போய் நின்றால்தான் வரும் என்று ஆனி மாசம் ஒருநாள் நானே பஸ் ஏறினேன். தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

கவுண்டரில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டாள். "அம்மா, நீங்களும் கேக்குதீங்க, உங்க வீட்டு சாரும் கேக்குதாவ. நாங்க என்ன வச்சுக்கிட்டா இல்லங்குதோம்? சென்னைல இருந்து வரணும்லா."

"எந்த சாரு?"

"இதே வண்டி நம்பருக்குத்தான். வாரம் தவறாம போன் வரும்."

"எங்க வீட்டுக்காரரா? அவரு போன எடுத்தா கிரிக்கெட்டு பாக்கத்தான் எடுப்பாரு."

"அம்பாசமுத்திரத்துல இருந்து பேசுதாவ. ரெக்கார்டுல அவங்க நம்பர்தான் இன்னும் இருக்கு. ரீகால் மெசேஜ் முதல்ல அவங்களுக்குத்தான் போச்சு. 'கைக்குழந்தையோட பொம்பளையாட்கள் போற வண்டிம்மா, மறந்துராதிய'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாவ. நான் உங்க ரெண்டு பேரும் ஒரே வீடுன்னுல்லா நெனச்சேன்."

மெசேஜ் எப்போது போனது என்று கேட்டேன். உத்திரத்துக்கு முன்னாலேயே, எங்களுக்குத் தெரியும் முன்பே போயிருந்தது.

எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே யோசித்தேன். சர்வீசுக்கு விடுங்கள், கம்பெனியிலேயே விடுங்கள் என்று அத்தனை தடவை கேட்டது. எப்போதும் மடியில் வைத்துக்கொள்ளும் பேத்தியை அன்றைக்குப் பின்னால் கொடுத்தது. கொடுத்துவிட்டும் முன் சீட்டுக்கே போனது. நான் பயத்தில் எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்தான் அம்பாசமுத்திரத்துக்கும் போகிறது. சேரன்மகாதேவியில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தி வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முன்னறிவிப்பில்லாமல் தனியாக வந்து நின்ற என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "என்ன தங்கச்சி, எல்லாரும் சொகந்தான?" உத்திரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. மதினி உள்ளேயிருந்து வந்தார். மகள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தோடு வந்தாள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு முன்சீட்டுல எதுக்கு உக்காரப் போனீய?"

"நல்லாருக்கே கத!" என்றார் மதினி. "எடத்தையும் புடுங்கிக்கிட்டு, கேள்வி வேறயா?"

சம்பந்தி வாளியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேற யாரு உக்காருவா தங்கச்சி? வித்தவன் நான்லா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"எப்படிச் சொல்லுவேன்? வித்து ஆறு மாசம் ஆகல. பொண்ணு குடுத்த வீட்டுல ஓட்ட வண்டிய வித்துட்டான்னு ஆயிராதா? கம்பெனில விட்டா அவனே சொல்லிருவான்னுதான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நீங்க ஏறுனதும் எறங்குங்கன்னு சொல்லவும் வாய் வரல, பொறவு உங்க மொகத்துல முழிக்கவும் முடியல. நீங்க எதுக்கு ஏறுனீய?"

"நீங்க ஏறிரக்கூடாதுன்னுதான்."

மதினிக்கும் மகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குப்பி, மருந்து, இரும்புத் துண்டு என்று நானும் அவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கேட்டு முடித்ததும் மதினி இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீய ரெண்டு பேரும்? ஒருத்தரு சாகதுக்கு முந்திக்கிட்டு ஏறப் போறாரு, ஒருத்தி அவர முந்திக்கிட்டு ஏறுதா. பின்னால நான் ஒண்ணும் தெரியாம முறுக்கு தின்னுக்கிட்டு வாரேன்!" சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மதினி. எதுத்த வீட்டுக்காரிகிட்ட இனி நான் எப்படிச் சொல்லி முடிப்பேன்" என்றார். மகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்டவும் தெரியாமல் கட்டிக்கொள்ளவும் தெரியாமல் நின்றாள்.

அன்றையிலிருந்து காத்திருப்பது ஒருத்தி வேலையாக இல்லை. சம்பந்தி ரெக்கார்டில் எங்கள் நம்பரை மாற்றிக் கொடுத்தார். கம்பெனித் தலைமை ஆபீசுக்கு ஆங்கிலத்தில் மெயில் போட்டார். பேங்கில் எழுதிப் பழகிய கை. "இதுல கோவமே இல்லையே அண்ணாச்சி" என்றேன், அவர் படித்துத் தமிழில் சொன்னபோது. "கோவம் கடைசி வரியில இருக்கு தங்கச்சி. அவங்களுக்குப் புரியும்" என்றார். நான் வாரத்துக்கு ஒரு தடவை நேரில் போனேன். அந்தக் கவுண்டர் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டையும் நானே தைக்கும்படி ஆயிற்று. அதற்காகப் பார்ட் ஒரு நாள் கூட முந்தி வரவில்லை. அவளால் ஆகிற காரியமில்லை அது என்று எனக்கும் புரிந்துபோயிருந்தது.

முன் சீட்டில் யாரும் உட்காருவதில்லை என்று இரண்டு வீட்டிலும் சட்டம். என் துணி மூட்டையை எடுத்துவிட்டு மதினி அங்கே ஒரு வாழைத்தாரை வைத்து பெல்ட்டையும் போட்டுவிட்டார்; பழுத்தால் அடுத்த தார். "இதுக்கு ஏதாச்சும் ஆனா பஜ்ஜி போட்டுக்கிடலாம்." எல்லாரும் சேர்ந்து போக வேண்டியிருந்தால் வாடகைக் கார். ஆவணியில் இரண்டு கல்யாணம், பேத்திக்குக் காய்ச்சல் வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை. மூன்று முறையும் நாங்கள் பையைத் திறப்பதற்குள் சம்பந்தி டிரைவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டார்.

புரட்டாசியில் போன் வந்தது. "அம்மா, இடதுபக்கம்! இடதுபக்கம் வந்துட்டு!" அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டால் அவள் வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் நானும் வீட்டுக்காரரும் வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனோம். சம்பந்தி எங்களுக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து கம்பெனி வாசலில் நின்றிருந்தார். காரை உள்ளே விட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் மூன்று பேரும், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் எதிர்ப்பலகையைக் கழற்றி உள்ளே இருந்ததை எடுத்தான். பழையதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். தொடக்கூடாது என்று சொல்லித் தூரத்தில் வைத்துக் காட்டினான். பேத்திக்கு பிஸ்கட் போட்டு வைக்கிற டப்பா அளவுகூட இல்லை. சம்பந்தி அதை வெகுநேரம் பார்த்தார். "இத வச்சுக்கிட்டா நான் பத்து வருஷம் பேரம்பேத்தியெல்லாம் மடியில ஏத்திக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார்.

"ஒண்ணும் ஆகலைல்லா அண்ணாச்சி" என்றேன். எப்போதும் என்னிடம் மற்றவர்கள் சொல்கிற வார்த்தை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் இன்னொருவருக்குச் சொன்னேன்.

கவுண்டரில் அந்தப் பெண்ணிடம் பில் கேட்டேன். இல்லை என்றாள். நிஜமாகவே இல்லையா என்றேன். வலதுபக்கத்துக்கும் ஏதாவது இருக்கிறதா, பார்த்துச் சொல்லு என்றேன். நம்பரைத் தட்டிப் பார்த்து, இந்த வண்டிக்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை என்றாள். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பார்த்தாள்.

கார் வெளியே வந்ததும் சம்பந்தி முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க தங்கச்சி" என்றார்.

"ஐயோ, நீங்க ஏறுங்க."

"நீங்க ஏறுங்க. உங்க வண்டி."

"ரெண்டு பேரும் இப்படியே நில்லுங்க, நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து சொன்னார்.

கடைசியில் சம்பந்திதான் ஏறினார். பெல்ட்டைத் தானே எடுத்து மாட்டினார். "பாப்பா மட்டும் இனி என்னைக்கும் முன்னால கெடையாது. எந்த வண்டியானாலும்" என்றார். பிறகு மேலப்பாளையம் தாண்டியதிலிருந்து பேச ஆரம்பித்தார். எந்த வயலில் எப்போது நடவு, எந்தக் கால்வாயில் எப்போது தண்ணீர் திறந்தார்கள், முன்னால் போகிற லாரிக்காரன் ஏன் இன்டிகேட்டர் போடாமல் திரும்புகிறான். என் வீட்டுக்காரர் ம், ம் என்று கேட்டுக்கொண்டு ஓட்டினார். நான் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து, வெகுகாலத்துக்குப் பிறகு வேகத்தடைகளை எண்ணாமல் வந்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது வாடகைக் கார்ப் பணத்தை என் வீட்டுக்காரர் நீட்டினார். சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வித்தவன் நான்."

"வாங்குனவன் நான்லா. பாதியாச்சும் வாங்கிக்கோங்க சம்பந்தி."

"பாதிக்கு ஒத்துக்கிடுதேன். ஆனா இப்ப வேண்டாம். உத்திரத்துக்கு சாஸ்தாவப் பாக்கப் போவோம்லா, அப்ப அங்கன வச்சுக் குடுங்க. குடுக்கணும்னாவது வருவீயள்லா."

வராமல் எங்கே போகப் போகிறோம். பங்குனிக்கு இன்னும் சில மாசம் இருக்கிறது. எங்கள் பங்கு இன்னும் கொடுக்காமல்தான் இருக்கிறது: இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.